ஒற்றைக் கொக்கி

தலைவலி என்று சொல்ல முடியாது. இடது பொட்டுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம். அது அங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். தொட்டுப் பார்க்கலாம். தொட்டால் பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டி பிரகாசி பார்ப்பாள். பார்த்துவிட்டால் அவள் ஜெயித்த மாதிரி. ஆகவே சவரிமுத்து தொடவில்லை. நல்லவேளை, வலது கைக்கு வேலை இருந்தது. இடது முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் அமுக்குங்க தாத்தா என்று லேப் பெண் சொல்லிவிட்டுப் போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. பஞ்சை எடுத்தால் சிவப்பு திரும்ப ஊறுகிறது. மணி ஒன்பதே முக்கால். வியாழக்கிழமை, வால்வு நோயாளிகளுக்கான நாள். பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டட வராந்தாவில் நாலு பெஞ்சு, நாலிலும் நெஞ்சைப் பிளந்து தைத்த ஆட்கள். அவருக்கும் எட்டு மாதத்துக்கு முன்னால் பிளந்து உலோக வால்வு வைத்தார்கள். சட்டைக்குள்ளே டிக் டிக் என்று அது அடிப்பது வெளியே கேட்கும். ராத்திரி பிரகாசி அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல் புரள்வாள், புரளட்டும் என்று கிடப்பார். இப்போது அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்கவில்லை. பொட்டில் கேட்கிறது. டிக்குக்கு ஒரு தரம் அந்தக் கட்டைவிரல் அகலம் உள்ளேயிருந்து தட்டுகிறது, பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி. கதவைத் தட்டுகிறவனை அவருக்குத் தெரியும். தட்டட்டும். முப்பத்து நாலு வருஷம் போலீசு உத்தியோகம் பார்த்தவர், ஒரு தட்டலுக்கு எழுந்து போகிற ஆள் இல்லை.

ஒரு சொம்பு. வேறொன்றும் இல்லை, எவர்சில்வர் சொம்பு, பாதி தண்ணீர் இருந்தது. காலை ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் சோறு, சோற்றின் மேல் முருங்கைக் கீரை, பச்சையாக, குவித்து. தவக்காலம் நாற்பது நாளும் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, இரண்டு வேளை கீரை. ஈஸ்டர் அன்றைக்கு ஆட்டுக்கறியைக் கையில் எடுத்தபோது கண் கலங்கிவிட்டது, சிரிக்கக் கூடாது, கலங்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு பதினோரு நாள் தினமும் கறி. இன்றைக்குத் திடீரென்று இது. இதென்ன என்றார். கீரை என்றாள். கண்ணு தெரியுது, எதுக்குன்னு கேட்டேன் என்றார். அதற்கு அவள் பதில் சொல்லியிருக்க வேண்டாம், அல்லது சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்று, பாடம் எடுக்கிற டீச்சர் மாதிரி சொன்னாள். "தவசுல தினம் கீரை தின்னீங்க. ரத்தம் கெட்டியாயிருச்சுன்னு டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுனாங்க. ஈஸ்டர் முடிஞ்சு ஒரு இலை உள்ள போகல. மாத்திரை மட்டும் கூட்டுன அளவுலயே போகுது. கையைப் பாருங்க, பூரா நீலம். ரத்தம் தண்ணியாப் போச்சுங்க. ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க, டாக்டர்ட்ட நானே சொல்றேன்." நானே சொல்றேன். அந்த நானே. தட்டு சுவரில் போய் அடித்தது. கீரை சுவரில் ஒட்டி இறங்கியது. கை எழுந்தது. கை எழுந்ததை அவர் எழுப்பினதாகச் சொல்ல முடியாது. நாற்பத்தொரு வருஷமாக அது தானாக எழுகிற கை. அவள் தலையைக் குனிந்து தோளைச் சுருக்குவாள், விழும், முடிந்துவிடும், அதுதான் முறை. இன்றைக்கு அவள் குனியவில்லை. கையில் சொம்பு இருந்தது. டொங் என்று ஒரு சத்தம். தண்ணீர் அவர் கழுத்தில் இறங்கியது. வலிக்கக்கூட இல்லை. இரண்டு பேரும் சொம்பைத்தான் பார்த்தார்கள். அவள் அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். பிறகு சுவரைத் துடைத்தாள். அவர் சட்டையை மாற்றினார். ஆட்டோ பிடித்து வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது.

சொல்லத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை, அதுதான் இடைஞ்சல். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ரெஹானா இரண்டு பேரையும் உட்கார வைத்து அரை மணி பேசியது. சின்னப் பெண், கீச்சுக் குரல். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாசி நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டாள். "அய்யா, ரத்தம் உறையறதுக்குக் கல்லீரல் சில புரதத்தைச் செய்யுது. அந்தப் புரதத்துல குளுட்டாமிக் அமிலம்னு சில கண்ணி இருக்கும். செஞ்சு வர்றப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒத்தைக் கொக்கிதான். வைட்டமின் கே-யை வச்சுத்தான் உடம்பு அதுல இன்னொரு கொக்கி மாட்டுது. ரெண்டு கொக்கி இருந்தாத்தான் அது கால்சியத்தைக் கவ்வும். கால்சியத்தைக் கவ்வுனாத்தான் காயத்துல போய் ஒட்டும்." உங்க மாத்திரை அந்த வைட்டமினை மடக்கிப் போடுது என்றது அந்தப் பெண். ஒரு தரம் வேலை செய்த வைட்டமினை உடம்பு சரிபண்ணித் திரும்ப வேலைக்கு அனுப்பும், அந்தச் சரிபண்ணுகிற இடத்தில் மாத்திரை குறுக்கே படுத்துக்கொள்ளும். அதனால் புரதம் எப்போதும்போல வரும், எண்ணிக்கை குறையாது, ஆனால் ஒற்றைக் கொக்கியோடு வரும். சவரிமுத்து இதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டார். ஆளெடுப்பு நடக்கிறது. ரோல் காலில் அத்தனை பேரும் நிற்கிறான். லத்தி கொடுக்கிற ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது. கலவரம் என்றால் அத்தனை பேரும் ஓடிப் போய்ச் சும்மா நிற்பான், ஒருத்தனையும் பிடிக்க மாட்டான். வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க அப்படித்தான் ஸ்டோரைப் பாதி மூடி வைக்க வேண்டுமாம். முழுக்க மூடினால் ஆபத்து. முழுக்கத் திறந்தாலும் ஆபத்து. "தலையில மட்டும் அடிபடக் கூடாதுய்யா. சின்ன அடின்னாலும் உடனே வந்து சொல்லணும். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள ஒழுகிக்கிட்டே இருக்கும்." கீரையைத் தின்னலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவாக என்று கடைசியில் சொன்னது. தவக்காலத்தின் நடுவில் வந்தபோது ரத்தம் எத்தனை தண்ணியாக இருக்கிறது என்கிற அளவு ஒன்று புள்ளி ஆறு, மூன்று இருக்க வேண்டிய இடத்தில். "சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தம் உண்டாய்யா?" ஒன்றும் இல்லை என்றார். பொய் இல்லை. தவசு வருஷா வருஷம் வருவது. ஞாயிறு மாதிரி, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டான் வெடி போடுகிற மாதிரி. அது எப்படி மாற்றமாகும். பிரகாசி "கீரை" என்று ஆரம்பித்தாள். நீ சும்மா இரு என்றார். அந்தப் பெண் மூன்று மில்லிகிராமை ஐந்தாக எழுதிக் கொடுத்தது. இப்போது நினைத்தால், பிரகாசியை அந்த இடத்தில் இரண்டு வார்த்தை பேச விட்டிருந்தால். விட்டிருந்தால் என்ன. பேச விட்டால் பேசிக்கொண்டே இருப்பாள்.

"என்ன ஏட்டையா, இன்னைக்கு யோசனை பலமா இருக்கு." எதிர்ப் பெஞ்சில் மீன்கார வெள்ளத்தாயி. அவளுக்கும் வால்வுதான், இவருக்கு ஒரு மாதம் முன்னால் வைத்தது. வருஷக்கணக்காக அவள் கூடையில் இவர் கை விட்டு விரால் எடுத்துக்கொண்டு போனதை வால்வு வைத்த பிறகுதான் வாய் திறந்து சொல்லுகிறாள். "உங்க வால்வுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. என்னுது கேக்க மாட்டேங்குது. ஓசியில மீன் தின்ன வால்வுக்குத்தான் சத்தம் அதிகம் போல." பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிரகாசிகூட உதட்டை மடித்தாள். "ஏம் மதினி, ராவெல்லாம் எப்படித் தூங்குறீக? தலகாணிக்கடியில கடியாரத்தை வச்சுப் படுத்த மாதிரி இருக்குமே." "பழகிப்போச்சு" என்றாள் பிரகாசி. "எல்லாம் பழகிரும். இந்த மனுசரு கூட பழகுனதுக்கு மேலயா." மறுபடியும் சிரிப்பு. சவரிமுத்து திருப்பி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லுவார். மீன் நாற்றத்தைப் பற்றி ஒன்று எப்போதும் தயாராக வைத்திருப்பார். தேடினார். இருந்த இடத்தில் அது இல்லை. மேசையின் மேல் வைத்த மூக்குக்கண்ணாடியைக் காணாத மாதிரி கொஞ்ச நேரம் தடவினார், அதற்குள் வெள்ளத்தாயி வேறு ஆளிடம் பேசப் போய்விட்டாள். மேலே ட்யூப் லைட்டு. பகலில் எதற்கு ட்யூப் லைட்டு. அரசாங்கக் கரண்டு என்றால் யாருக்கும் அக்கறை இல்லை. கண்ணைக் கூசுகிறது. கண்ணை மூடினார், மூடினதும் பயந்து திறந்தார். கண் கூசுகிறது. அது மூன்றாவது அல்லவா. முதலில் தலை, இரண்டாவது வாந்தி, மூன்றாவது வெளிச்சம். வாந்தி வரவில்லை. ஆட்டோவில் ஒரு தரம் நெஞ்சு வரை வந்து இறங்கியதே, அதைச் சேர்ப்பதா வேண்டாமா.

இந்த வரிசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த டாக்டரும் இல்லை. மச்சக்காளை. கிணற்று மோட்டார் திருடினான் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தது, இருபத்தேழு இருபத்தெட்டு வயசு இருக்கும், திருடினானோ இல்லையோ. இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழக்கம், யாரை விசாரித்தாலும் சவரிமுத்து நீ பேசு என்பார். பேசு என்றால் கை. மற்றவர்கள் லத்தி எடுப்பார்கள், பெல்ட்டைக் கழற்றுவார்கள், உள்ளங்காலில் லாடம் கட்டுவார்கள், ஏதாவது ஒரு தடம் விழுந்து தொலைக்கும், மாஜிஸ்திரேட்டு சட்டையைத் தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இவருக்கு ஒரு கை போதும். விரித்த உள்ளங்கை, காதையும் பொட்டையும் சேர்த்து, ஆளைச் சுவருக்கு அரை அடி தள்ளி நிறுத்தி. கை ஒரு பக்கம், சுவர் மறு பக்கம். இரண்டு அடி, ஒன்றுக்குத்தான் உழைப்பு. தோலில் கீறல் இருக்காது. மச்சக்காளையை ஒரு ராத்திரி முழுக்க அப்படிக் கேட்டார். மண்டை சுவரில் படுகிற சத்தம் முதலில் தேங்காய் மாதிரி இருந்தது, விடியும்போது மண் மூட்டை மாதிரி ஆகியிருந்தது. உள்ளங்கை இரண்டு நாளைக்கு எரிந்தது. பிரகாசி எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள், எதற்கு என்று கேட்கவில்லை. காலையில் இவருக்குத்தான் பாரா. ஸ்டூலைப் போட்டு லாக்கப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏட்டையா, தலை வலிக்குது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நடிக்காத என்றார். பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான், வெளிச்சம் ஆகலை என்று. பிறகு கொட்டாவி. அத்தனை கொட்டாவி ஒரு மனுஷன் விட்டு அவர் பார்த்ததில்லை. அடி வாங்கினவனுக்குத் தூக்கம் வருகிறதா பார் என்று ரைட்டர் சிரித்தார். பதினொன்றரைக்கு டீ கொடுத்தபோது வலது கையில் வாங்கினான், கிளாஸ் கையிலிருந்து நழுவியது, அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாருடைய கை இது என்கிற மாதிரி. அப்புறம் ஏதோ கேட்டான். தண்ணி என்று கேட்க வந்தவன் தாழ்ப்பா, தாழ்ப்பா என்றான். அப்புறம் குறட்டை. நாலு மணிக்குக் குறட்டை நின்றது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மேலே ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு ஆழாக்கு ரத்தம் என்றார். அவனே சுவத்துல முட்டிக்கிட்டான் என்று சவரிமுத்து வாக்குமூலம் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார். அதை நினைத்து அவர் தூக்கம் கெட்டதில்லை. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்தார். பரிகாரம் மூன்று அருள்நிறை மந்திரம். ஆனால் வரிசை மனதில் நின்றுவிட்டது. யாரும் கேட்காமலே நின்றுவிட்டது. ஒன்பது, பத்து, பதினொன்றரை, நாலு. அவனுக்கு இரண்டு கொக்கியும் இருந்த ரத்தம். அது அந்த வேகத்தில் ஒழுகியது. ஒற்றைக் கொக்கி ரத்தத்துக்கு எத்தனை மணி நேரம்.

கொட்டாவி வந்தது. அடக்கினார். தாடையை இறுக்கி, மூக்கு வழியாக விட்டார். அது தூக்கமின்மை, காலையில் நாலரைக்கு எழுந்தது. இன்னொன்று வந்தது. பிரகாசி திரும்பிப் பார்த்தாள். அவள் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அதாவது அவளுடைய இடது காது இவர் பக்கம். அந்தக் காது கேட்காது. கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம் அது போயிற்று, சுவருக்கு அரை அடி தள்ளி அவள் நின்றிருந்தது தற்செயல்தான், அவர் வேண்டுமென்று நிறுத்தவில்லை. சீழ் வடிந்தது, எண்ணெய் காய்ச்சி விட்டாள், நின்றது, கேட்பதும் நின்றது. அப்புறம் அவள் எங்கே உட்கார்ந்தாலும் இவரை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வாள். கோவிலில், பஸ்ஸில், மகள் கல்யாணப் பந்தியில். இத்தனை வருஷம் அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். அவள் ஏன் சொல்லாமல் இருக்கிறாள். அவள்தானே டாக்டரிடம் நானே சொல்றேன் என்றவள். சொல்ல வேண்டியதுதானே. மடியில் பையை வைத்து, பையின் மேல் இரண்டு கையையும் வைத்து, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இந்த உட்காரலை அவருக்குத் தெரியும். விசாரணையில் கடைசிக் கட்டம் இதுதான். அடித்து முடித்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு ஒன்றும் கேட்காமல் உட்கார வேண்டும். எவன் முதலில் வாயைத் திறக்கிறானோ அவன் தோற்றான். கழுதை, என்னிடமே. நான் சாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறாளா. இருக்கும். ஏன் இருக்காது. அவர் அவள் இடத்தில் இருந்தால் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கழுத்தை இப்போதே பிடித்து இந்தத் தூணில். தூணில் இடித்துக்கொண்டேன். ஆமாம், அப்படிச் சொல்லிவிட்டால் என்ன. வீட்டுத் தூணில் இடித்துக்கொண்டேன் டாக்டர், தலையைப் பாருங்க. நல்ல வாக்குமூலம். சொம்பு இல்லை, பொம்பளை இல்லை, வெள்ளத்தாயி சிரிக்க ஒன்றும் இல்லை. அவனே சுவத்துல முட்டிக்கிட்டான். நாக்கில் வந்த வார்த்தை அங்கேயே ஒட்டிக்கொண்டது. இவள் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்ல முடியாது. இவளுக்கு உண்மை தெரியும். பக்கத்தில் உண்மை தெரிந்த ஆள் இருக்க அவர் இதுவரை வாக்குமூலம் கொடுத்ததில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்டேஷன் ஆட்கள், அல்லது செத்தவர்கள். மெல்ல, உதடு அசையாமல், அவளுடைய கேட்காத காதுப் பக்கம் சொன்னார்: "தலை வலிக்குது." சொல்லியாயிற்று. சொன்னது சொன்னதுதான், கேட்காதது அவள் காது. அவள் திரும்பவில்லை. பையின் மேல் இருந்த விரல்கள் மட்டும் ஒரு தரம் மடங்கி விரிந்தன. கேட்டதா. அந்தக் காதில் எப்படிக் கேட்கும். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் திட்டிய திட்டெல்லாம் கேட்டிருக்குமா.

பத்தரைக்கு லேப் பெண் காகிதத்தோடு ஓடி வந்தது. ஓடி வந்ததைப் பார்த்ததும் பெஞ்சுகளில் இருந்தவர்கள் காலை ஒதுக்கினார்கள். "சவரிமுத்து யாரு? தாத்தா, நீங்களா? மூணு இருக்க வேண்டியது எட்டுக்கு மேல போயிருச்சு. மெஷின் அதுக்கு மேல காட்ட மாட்டேங்குது. எங்கயாச்சும் ரத்தம் வருதா? ஈறுல, மூத்திரத்துல?" பின்னாலேயே டாக்டர் ரெஹானா, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அய்யா, இந்த வாரத்துல எங்கயாவது விழுந்தீங்களா? இடிச்சுக்கிட்டீங்களா? தலையில ஏதாவது?" இதோ, கேள்வி வந்துவிட்டது. நேராக, மரியாதையாக. சொல்லிவிடலாம். சொல்லத் தீர்மானித்துவிட்டார். சுவர் வேண்டாம், தூண் வேண்டாம், சொம்பு என்றே சொல்லிவிடலாம், வெள்ளத்தாயி சிரித்துவிட்டுப் போகட்டும், பெண்டாட்டி அடித்தாள் என்று ஊர் பேசட்டும், உயிர் இருந்தால்தானே ஊர். வாயைத் திறந்தார். தலை என்று சொன்னார். வெளியே வந்தது தட்டு. மறுபடியும் சொன்னார். தட்டு. தட்டு, தட்டு. டாக்டர் பெண்ணின் முகம் மாறியது. அவர் கோபத்தோடு இன்னும் பலமாகச் சொன்னார், ஒரு வார்த்தைக்குப் பதிலாக இன்னொன்று வந்து நிற்கிறது, ரோல் காலில் பெயர் கூப்பிட்டால் வேறொருவன் உள்ளேன் அய்யா என்கிற மாதிரி, அவனை அடித்துத் துரத்த வேண்டும், கையை, வலது கையை. வலது கை மடியில் கிடந்தது. எப்போது அங்கே வந்தது. பஞ்சு தரையில் கிடந்தது. இடது முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கி, விரல் நுனியில் திரண்டு, சொட்டிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், நிறுத்த ஆளில்லாத தெருக்குழாய் மாதிரி. எழு என்றார் கையிடம். நாற்பத்தொரு வருஷம் சொல்லாமலே எழுந்த கை. எழு. அது கிடந்தது. ஐந்தாவது, ஆறாவது, எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன, மச்சக்காளைக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூடக் கொடுக்கவில்லை.

"தலையில அடி" என்றாள் பிரகாசி. எழுந்து நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "சொம்பால. நான்தான் அடிச்சேன்." டாக்டர் பெண் அவர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டே, எப்போம்மா என்றது. ஏழரை என்றாள். "மணி பத்தே முக்காலாகுது. மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இங்கதான உக்காந்திருந்தீங்க. ஏம்மா சொல்லல?" "அவரு சொல்வாருன்னு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளத்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. நாலு கை அவரைத் தூக்கியது. முரட்டுக் கைகள், ஒன்று விலாவில் அழுத்தியது, அந்த இடம் இந்நேரம் நீலமாகியிருக்கும். உருட்டினார்கள். கூரை ஓடியது. ஒவ்வொரு விளக்கும் ஒரு அறை அறைந்துவிட்டுப் போனது. ஸ்கேன் மெஷினின் வாய்க்குள் போய் வந்தார். எல்லாம் கேட்கிறது. எல்லாம் புரிகிறது. மச்சக்காளைக்கும் புரிந்திருக்குமோ. தாழ்ப்பா தாழ்ப்பா என்று சொல்லிவிட்டு என்னை அப்படிப் பார்த்தானே, அவனுக்கும் இப்படி எல்லாம் கேட்டுக்கொண்டு, ரைட்டர் சிரித்தது கேட்டுக்கொண்டு, நான் ஸ்டூலில் பீடி கிழித்தது கேட்டுக்கொண்டு. மூடு. அந்தப் பக்கம் போகாதே. மனதுக்கு ஒரு அறை விடப் பார்த்தார். விட ஒன்றுமில்லை.

அவசரப் பிரிவில் திரைக்கு இந்தப் பக்கம் அவரைப் போட்டிருந்தார்கள். காலடியில் டாக்டர் ரெஹானாவும் பிரகாசியும். வேறு யாரும் இல்லை, மகள் துபாயில். அந்தப் பெண் படபடவென்று பேசியது. "அம்மா, கவனமாக் கேளுங்க. மூளைக்கு மேல இடது பக்கம் ரத்தம் தேங்கியிருக்கு, இன்னும் கசியுது. இப்பவே வைட்டமின் கே ஊசி ஏத்தணும். ஆனா கல்லீரல் புதுசா ரெண்டு கொக்கி போட்ட புரதத்தை அனுப்ப நேரமாகும். அதுவரைக்கும் வேற ஆளோட பிளாஸ்மா ஏத்துறோம், அதுல கொக்கி போட்டு ரெடியா இருக்கும். ரத்தம் உறைய ஆரம்பிச்சதும் மண்டையைத் திறந்து எடுத்துருவாங்க. இதுல ஒரு ஆபத்து இருக்கு. ரத்தம் உறையுறப்ப அவரோட வால்வுலயும் கட்டிக்கலாம். ஏத்தலைன்னா சாயங்காலம் தாண்டாது. ஏத்துனா பொழைக்க வாய்ப்பு இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போடணும்." காகிதம் வந்தது. அட்டை வந்தது. பேனாவைப் பிரகாசி வாங்கினாள். வாங்கி வைத்துக்கொண்டாள்.

சவரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். ஆயிரம் முகம் பார்த்தவர். எவன் திருடன், எவன் திருடன் மாதிரி நடிக்கிறவன், எவன் இன்னும் இரண்டு அடியில் சொல்லுவான், எவன் செத்தாலும் சொல்ல மாட்டான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார். இந்த முகத்தை நாற்பத்தொரு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை, தேவைப்படவில்லை. இப்போது தேவைப்பட்டது. ஒன்றும் தெரியவில்லை. போடு, போடுடி என்று சொன்னார், வெளியே ஏதோ ஒரு உறுமல் வந்தது. போட்டுத் தொலை. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். அவள் குனிந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அவர் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். விட்டாள். கை தொப்பென்று விழுந்தது. இன்னொரு தரம் தூக்கி விட்டுப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இந்தக் கை பழையபடி வருமா?"

டாக்டர் பெண்ணுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் தோளில் கை வைத்தது. "அம்மா, முதல்ல உசிரு. கையைப் பத்தி இப்ப யோசிக்காதீங்க."

"இல்ல. சொல்லுங்க. வருமா?"

"நடப்பாரு, சாப்பிடுவாரு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரலாம். ஆனா அந்தக் கை..." அந்தப் பெண் தலையை ஆட்டியது. "பொய் சொல்ல விரும்பலம்மா. பழையபடி வராது."

பிரகாசி கையெழுத்துப் போட்டாள்.